டீசல் எங்கே போகிறது? லாரிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

என் பத்துச் சக்கர லாரி முன்பு லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்தது. இப்போது நாலுதான். எங்கே கோளாறு? (நாமக்கல் வாசகர்)

எவ்வளவு லோடு ஏற்றுகிறீர்கள் என்று எழுதவில்லையே! 2018 ஜூலையில் உங்களுடையதைப் போன்ற மூன்று ஆக்ஸில் வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. வெறும் வண்டி 9.5 டன், வரம்பு வரை ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 15.5 டன் சரக்கை ஒரு லிட்டரில் 4.5 கி.மீ. இழுத்தீர்கள்: சுமார் 70 டன்-கி.மீ. (சரக்கின் டன்னைக் கிலோமீட்டரால் பெருக்கிய கணக்கு). இப்போது 19 டன்னை 4 கி.மீ. இழுக்கிறீர்கள்: 76. அதாவது மைலேஜ் குறைந்தும், ஒரு டன்னுக்கு ஆகும் டீசல் மிச்சமாகியிருக்கிறது. அதனால் மைலேஜை மட்டும் பார்க்காதீர்கள்.

டீசலை உண்மையில் தின்பது எம்ப்டி ரிட்டன். 500 கி.மீ. லோடோடு போக 125 லிட்டர். வெறும் வண்டியாகத் திரும்பும்போது லிட்டருக்கு 6 கிடைத்தாலும் இன்னொரு 83 லிட்டர். இரண்டையும் சேர்த்தால் அந்த 76, சுமார் 46 ஆக விழுகிறது. எந்த இன்ஜின் ரிப்பேரும் இந்த நஷ்டத்தை ஈடுகட்டாது. வாடகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ரிட்டன் லோடை விடாதீர்கள்.

அப்படியானால் இன்னும் கூடுதலாக ஏற்றலாமா?

கூடாது. ஆக்ஸில் எடை 10 சதவீதம் கூடினால் சாலைக்கு ஆகும் சேதம் ஏறக்குறைய 46 சதவீதம் கூடும். உங்கள் பிரேக்கும் டயரும் அதே சுமையைத்தான் தாங்குகின்றன.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்தானே? (தர்மபுரி ஓட்டுநர்)

இல்லை, தம்பி. டீசல் பாய்வதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரியும். தொப்பூர் கணவாயில் எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதியிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். தயவுசெய்து கியரிலேயே இறங்குங்கள்.

செலவில்லாமல் டீசலை மிச்சம் பிடிக்க வழி உண்டா?

காற்று! ஒருநாள் விடியற்காலை, டயர் சூடேறுவதற்கு முன், ஒரு வண்டியின் ஜோடி ஜோடியான பின் சக்கரங்களை கேஜ் வைத்துப் பார்த்தேன். வெளி டயரில் 110 பவுண்டு, உள் டயரில் 85. டிரைவர் ராடால் தட்டிப் பார்த்து ‘எல்லாம் சரி’ என்றிருந்தார். தட்டும் சத்தத்தில் அந்த 25 பவுண்டு தெரியாது. உள் டயரையும் கேஜ் வைத்தே பாருங்கள். அப்புறம் தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள்; படபடக்கும் தார்ப்பாய் காற்றைப் பிடித்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்.

மின்சார லாரி எங்களுக்கு ஒத்துவருமா? (தூத்துக்குடி வாசகர்)

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் பாதிக்குமேல் சூடாகவே வெளியேறிவிடும். மின்மோட்டாரில் இந்த விரயம் மிகக் குறைவு. ஆனால் பேட்டரியின் எடை சரக்கின் இடத்தைப் பிடிக்கும், சார்ஜ் ஏற நேரமும் வேண்டும். டெல்லி லோடுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் தினமும் ஒரே தடத்தில் ஓடும் வண்டிக்குத் தாராளமாக யோசிக்கலாம். உங்கள் தடம் எத்தனை கி.மீ., ஒரு நாளைக்கு எத்தனை டிரிப் என்று எழுதுங்கள். எவ்வளவு பேட்டரி தேவை என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.