ஆறு பேருக்கு ஒரே ரூட் பாஸ்வேர்டு: வாசகர் கேள்வி பதில்

யூனிக்ஸ், லினக்ஸ் மெஷினுக்குள் வெளியிலிருந்து லாகின் செய்வது பற்றி வடசென்னைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பல சின்ன ஆபீஸ்களில் இதே கதைதான் ஓடுகிறது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சார், மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் ஸ்கேன் எல்லாம் ஒரு உபுண்டு லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. ஆபீசில் நாலு பேர், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கம் அலைகிற பையன்கள் இரண்டு பேர், ஆறு பேருமே ரூட் (எதையும் மாற்ற அதிகாரம் உள்ள தலைமை யூசர்) என்ற ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில்தான் உள்ளே போகிறோம். போன மாதம் ஒருவர் வேலையை விட்டுப் போனார். பாஸ்வேர்டை மாற்றியதும் மற்றவர்களுக்கு வேலை நின்றுவிட்டது. இதை எப்படிச் சரி செய்வது? செட்டிங்கில் கை வைத்தால் நானே உள்ளே போக முடியாமல் மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. (மண்ணடி வாசகர்)

உங்கள் பயம் நியாயம்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். எஸ்எஸ்எச் (வெளியிலிருந்து பாதுகாப்பாக லாகின் செய்யும் வழி) செட்டிங்கை மாற்றும்போது ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிற ஒரு விண்டோவை மூடவே கூடாது. சர்வீசை ரீஸ்டார்ட் செய்தாலும் திறந்திருக்கும் அந்த லாகின் அறுந்துபோகாது. மாற்றியதை இன்னொரு புது விண்டோவில் லாகின் செய்து பாருங்கள். அது வேலை செய்தால்தான் பழைய விண்டோவை மூடலாம், இல்லையென்றால் பழைய விண்டோவிலேயே மாற்றியதைத் திருப்பி எடுத்துவிடலாம். சர்வர் உங்கள் ஆபீசிலேயே இருப்பதால் கடைசி வழியாகக் கீபோர்டு, மானிட்டர் மாட்டியும் உட்காரலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எஸ்எஸ்எச்சைத் தரும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சில் 2015-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வர முடியாது என்பதுதான் வழக்கமான அமைப்பு. உபுண்டுவில் ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைத்துத் தர மாட்டார்கள். ஆக உங்கள் ஆபீசில் யாரோ வசதிக்காக இரண்டையும் திறந்து வைத்திருக்கிறார்கள். இதில் வெளியாள் ஊகித்து நுழைவது ஒரு ஆபத்து. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, யார் என்ன செய்தார் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது. ஒரு ஃபோல்டர் அழிந்தால் பழி ஆறு பேர் மேலும் விழும், பெரும்பாலும் ஆபீசிலேயே சின்னப் பையன் மேல் விழும். அதற்காகவே இதை மாற்ற வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி யூசர் உருவாக்குங்கள். ஒவ்வொருவரும் அவரவர் லேப்டாப்பில் எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டி ஒரு ஜோடி சாவி (தன்னிடமே இருக்கும் ரகசியச் சாவி, சர்வருக்குக் கொடுக்கும் பப்ளிக் சாவி) செய்துகொள்ளட்டும், வகை இடி25519 போதும். அந்த ரகசியச் சாவிக்கு ஒரு பாஸ்ஃபிரேஸ் (சாவியைத் திறக்கும் பாஸ்வேர்டு) கட்டாயம் வையுங்கள், லேப்டாப் தொலைந்தால் அதுதான் காப்பாற்றும். பப்ளிக் சாவியை மட்டும் வாங்கி, சர்வரில் அந்தந்த யூசரின் ஹோமுக்குள் டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் இருக்கும் ஆதரைஸ்டு_கீஸ் ஃபைலில் ஒரு வரியாகச் சேருங்கள். ரூட் வேலை தேவைப்படுகிற ஒருவர் இருவருக்கு சுடோ (ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் அனுமதி) கொடுத்தால் போதும், ஆறு பேருக்கும் வேண்டாம்.

எல்லாரும் சாவியில் உள்ளே வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஈடிசி ஃபோல்டருக்குள் எஸ்எஸ்எச் என்ற ஃபோல்டரில் உள்ள எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் என்ற செட்டிங் ஃபைலைத் திறங்கள். பெர்மிட்ரூட்லாகின் என்பதற்கு நோ, பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் என்பதற்கு நோ, கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன் என்பதற்கும் நோ. இந்த மூன்றாவதை விட்டுவிட்டு, பாஸ்வேர்டு இன்னும் கேட்கிறதே என்று திகைப்பவர்கள் நிறைய. அப்புறம் அலவ்யூசர்ஸ் என்று எழுதி அதே வரியில் அந்த ஆறு பெயர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த ஃபைலில் ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் முதலில் வந்ததுதான் செல்லும், கடைசியில் எழுதியது அல்ல. உபுண்டுவில் இந்த ஃபைலின் தொடக்கத்திலேயே எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் டாட் டி என்ற ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைச் சேர்க்கச் சொல்லும் இன்க்ளூட் வரி இருக்கிறது. அந்த ஃபோல்டரில் 50-கிளவுட்-இனிட் என்று ஒன்று உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டுக்கு யெஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தால், நீங்கள் கீழே எத்தனை நோ போட்டும் பலன் இல்லை. ஆகவே சுடோவோடு எஸ்எஸ்எச்டி (சர்வர் பக்கம் ஓடும் எஸ்எஸ்எச் நிரல்) மைனஸ் பெரிய டி (-T) ஓட்டுங்கள், சர்வர் கடைசியில் எதை எடுத்துக்கொண்டது என்று முழுசாக அச்சடித்துக் காட்டும். மைனஸ் சின்ன டி (-t) எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும். இந்த இரண்டையும் பார்த்த பிறகே சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச். ரெட்ஹாட் குடும்பமாக இருந்தால் சர்வீஸ் பெயர் எஸ்எஸ்எச்டி.

துறைமுகம் போகிற பையன்கள் ஸ்கேன் ஏற்ற மட்டும்தான் வருகிறார்கள் என்றால் அவர்களுக்குக் கட்டளை அடிக்கும் ஷெல்லே வேண்டாம். ஒரு குரூப்பில் போட்டு, கான்ஃபிக்கின் கடைசியில் மேட்ச் குரூப் என்று ஒரு பகுதி தொடங்கி, அதற்குள் ஃபோர்ஸ்கமாண்ட் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி (ஃபைல் ஏற்ற, இறக்க மட்டும் விடுவது), அடுத்து குரூட்டைரக்டரி (ஒரு ஃபோல்டருக்கு வெளியே போகவிடாமல் அடைப்பது). மேட்ச் கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் அதற்குக் கீழே எழுதும் எல்லாமே அந்த குரூப்புக்கு மட்டும் என்று ஆகிவிடும். குரூட் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாக, மற்றவர்கள் எழுத முடியாததாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு துணை ஃபோல்டர் வைத்து, அதில் எழுத அனுமதி கொடுங்கள்.

இனி ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் ஒருவரை மட்டும் நிறுத்தினால் போதும். ஆனால் யூசர்மாட் மைனஸ் பெரிய எல் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது பாஸ்வேர்டை மட்டும்தான் பூட்டும், சாவி இருந்தால் உள்ளே வந்துகொண்டே இருக்கலாம். சேஜ் மைனஸ் பெரிய ஈ பூஜ்யம் கொடுத்து அக்கவுண்டையே காலாவதி ஆக்குங்கள், ஆதரைஸ்டு_கீஸில் அவர் வரியையும் எடுங்கள். ரூட்டின் ஆதரைஸ்டு_கீஸையும் இன்றைக்கே ஒரு பார்வை பாருங்கள், போன மாதம் போனவர் அங்கே ஒரு சாவி விட்டுப் போயிருக்கலாம். இதற்குப் பிறகு ஆத் டாட் லாக் என்ற பதிவு ஃபைலில் அக்செப்டட் பப்ளிக்கீ ஃபார் என்று தொடங்கும் வரியில் யூசர் பெயர், வந்த ஐபி முகவரி, சாவியின் ஃபிங்கர்பிரின்ட் மூன்றும் இருக்கும். பழி தப்பான ஆள் மேல் விழாது.

அண்ணா, நான் தண்டையார்பேட்டை, காலேஜ் இரண்டாம் வருஷம். பர்மா பஜாரில் வாங்கிய பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். சாவியைச் சரியாகத்தான் காப்பி செய்தேன், ஆனாலும் பாஸ்வேர்டுதான் கேட்கிறது. (மாணவர்)

தம்பி, ஏதோ ஒரு பர்மிஷன் பிரச்சினைக்காக ஹோம் ஃபோல்டருக்கு 777 (யாரும் எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்திருக்கிறாயா பார். உன் ஹோமில் மற்றவர்கள் எழுத முடியும் என்றால், டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டரையே மாற்றி வேறு சாவியை வைக்கவும் அவர்களால் முடியும். அதனால் எஸ்எஸ்எச்டி அந்தச் சாவி ஃபைலை நம்பாது. ஸ்டிரிக்ட்மோட்ஸ் என்ற செட்டிங் இயல்பாகவே யெஸ்ஸில் இருப்பதால் வரும் நடத்தை இது. கொடுமை என்னவென்றால் உன் பக்கத்துத் திரையில் ஒரு காரணமும் வராது, பேசாமல் பாஸ்வேர்டு கேட்கும். சர்வர் லாகில் பார்த்தால் ஆதென்டிகேஷன் ரிஃபியூஸ்டு, பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி என்று எந்த ஃபோல்டர் என்பதோடு தெளிவாக எழுதியிருக்கும்.

ஹோமுக்கு 755 அல்லது 700, டாட் எஸ்எஸ்எச்சுக்கு 700, ஆதரைஸ்டு_கீஸுக்கு 600. சுடோவோடு காப்பி செய்திருந்தால் ஃபைல் ரூட் பெயரில் இருக்கும், அதைச் சௌன் கொடுத்து உன் பெயருக்கு மாற்று. தயவுசெய்து ஸ்டிரிக்ட்மோட்ஸை நோ ஆக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதே. நோய் அப்படியே இருக்கும், காட்டிக்கொடுக்கிற ஆள்தான் போய்விடுவான்.

மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் சோலாரிஸ் 10 (சன் கம்பெனியின் யூனிக்ஸ்) ஓடும் பழைய சன் மெஷின் இருக்கிறது. டெல்நெட் என்ற பழைய லாகின் வழியில்தான் போகிறோம், வருஷக்கணக்காக நன்றாக ஓடுகிறது. இதை மாற்றத்தான் வேண்டுமா? எஸ்எஸ்எச் முயற்சி செய்தால் புது லேப்டாப் ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) வகை பொருந்தவில்லை என்கிறது. (திருவொற்றியூர் வாசகர்)

மாற்றத்தான் வேண்டும் ஐயா. டெல்நெட்டில் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும், பாஸ்வேர்டும் சேர்த்து, மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகிறது. அதே நெட்வொர்க்கில் ஒட்டுக்கேட்கிற இடம் கிடைத்த யாரும் படிக்கலாம். எஸ்எஸ்எச் பிறந்ததே இதனால்தான். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் பாஸ்வேர்டுகள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு, அங்கிருந்த டாட்டு யுலோனென் இதை எழுதினார். டெல்நெட்டுக்கு போர்ட் (இணைப்பு வரும் வாசல் எண்) 23, எஃப்டிபிக்கு 21, நடுவில் காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டு வாங்கினார். இன்று நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எச், ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையைச் செய்யும் குழு 1999-ல் வெளியிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், 2007-ல் இதே சோலாரிஸ் 10-ன் டெல்நெட்டில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையும் ஓட்டை வெளிவந்தது.

சோலாரிஸ் 10-ல் எஸ்எஸ்எச் கூடவே வருகிறது. எஸ்விசிஏடிஎம் எனேபிள் எஸ்எஸ்எச் கொடுத்து, அது வேலை செய்வதைப் பார்த்த பிறகு எஸ்விசிஏடிஎம் டிஸேபிள் டெல்நெட். லேப்டாப் சண்டை போடுவதற்குக் காரணம், 2021-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 பழைய எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்திவிட்டது. லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் ஹோஸ்ட் பகுதி எழுதி, ஹோஸ்ட்கீஅல்காரிதம்ஸ் என்பதற்கு நேரே பிளஸ் குறியோடு எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ சேருங்கள். எல்லா மெஷினுக்கும் பொதுவாகப் போட்டுவிடாதீர்கள். முடிந்தால் நடுவில் ஒரு புது லினக்ஸ் பெட்டி வைத்து, ப்ராக்ஸிஜம்ப் மூலம் அது வழியாக மட்டும் சன் மெஷினுக்குப் போங்கள். நாளைக்கே மாற்ற முடியாத மெஷினுக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியவில்லை.

வீட்டு கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து வர ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள் மெஷினுக்குத் திருப்புவது) எல்லாம் செய்துவிட்டேன், வரவே மாட்டேன் என்கிறது. போர்ட் 22-ஐ 2222 ஆக்கினால் பாதுகாப்பு என்கிறார்களே, செய்யவா? (வியாசர்பாடி வாசகர்)

ரவுட்டரின் வேன் (WAN, அதாவது வெளிப்பக்க) ஐபியைப் பாருங்கள். அது 100.64-லிருந்து 100.127-க்குள் ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்களுக்குத் தனிப் பொது முகவரியே இல்லை, பல வீடுகள் ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நீங்கள் ரவுட்டரில் என்ன ஃபார்வர்டு செய்தாலும் வெளியாள் அங்கே வந்து சேரவே மாட்டான். இன்டர்நெட் கம்பெனியிடம் நிலையான ஐபி கேட்டு வாங்குவது ஒரு வழி. என்னைக் கேட்டால், வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, வீட்டு மெஷினையும் லேப்டாப்பையும் வயர்கார்டில் (தனி விபிஎன் வழி) இணைத்து, எஸ்எஸ்எச்சை அந்த உள் முகவரியில் மட்டும் இணைப்பு ஏற்க வைப்பேன். இணையத்துக்கு நேராக எஸ்எஸ்எச்சைத் திறக்கும் தேவையே வராது.

போர்ட்டை மாற்றினால் லாகில் குப்பை குறையும், பூட்டு பலமாகாது. மாற்றினாலும் 1024-க்குக் கீழே ஒரு எண்ணாக எடுங்கள், அதற்கு மேலே உள்ள போர்ட்களில் எஸ்எஸ்எச்டி ஓடாமல் நின்றுபோன நேரம் பார்த்துச் சாதாரண யூசரும் உட்கார்ந்துகொள்ளலாம். ஃபயர்வாலில் முதலில் திறந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். உபுண்டு 24.04 என்றால் டீமன்-ரீலோட் கொடுத்து எஸ்எஸ்எச் டாட் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள், சர்வீசை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய போர்ட்டிலேயே நிற்கும்.

பள்ளிக்கூட லேப் சர்வரில் லாகின் ஆக அரை நிமிஷம் ஆகிறது. உள்ளே போன பிறகு வேகம் நன்றாக இருக்கிறது. (பெரம்பூர் ஆசிரியை)

டீச்சர், எஸ்எஸ்எச் மைனஸ் வி வி வி என்று ஓட்டிப் பாருங்கள், எந்த வரியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ஜிஎஸ்எஸ்ஏபிஐ (இன்னொரு லாகின் சரிபார்ப்பு முறை) என்ற இடத்தில் நின்றால் ஜிஎஸ்எஸ்ஏபிஐஆதென்டிகேஷனை நோ ஆக்குங்கள். பழைய சர்வர் என்றால் யூஸ்டிஎன்எஸ்ஸையும் நோ ஆக்குங்கள், வருகிற ஐபிக்குப் பெயர் தேடிப் பதில் கிடைக்காமல் காத்திருக்கும். சின்னத் தாமதம்தானே என்று விடாமல் கேட்டதற்கு நன்றி. 2024 மார்ச்சில், ஃபைல் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒளித்து வைத்த பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்.

மழை வந்தால் எங்கள் தெருவில் கரண்ட் போய் இன்டர்நெட் அறுந்துவிடுகிறது, சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் பாதியில் செத்துப்போகிறது. (கொருக்குப்பேட்டை வாசகர்)

லாகின் ஆனதும் முதல் வேலையாக டிமக்ஸ் என்ற நிரலைத் திறந்து அதற்குள் வேலையை ஓட்டுங்கள். லைன் அறுந்தாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும், திரும்ப வந்து டிமக்ஸ் அட்டாச் கொடுத்தால் விட்ட இடத்தில் நிற்கும். சர்வரில் கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 60 என்று வைத்தால், பதில் வராத மூன்று முயற்சிக்குப் பிறகு, அதாவது மூன்று நிமிஷம் போல ஆனதும், செத்த இணைப்பைச் சர்வரே துடைத்துவிடும்.