வாசகர் கேள்வி: ஜூனில் உபின் போகலாமா?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்கு அழைத்துப்போக எண்ணம். மழையும் கூட்டமும் இல்லாமல் போய்வர முடியுமா? (வாசகி, ஈசூன்)

பதில்: வார நாளாகப் பாருங்கள், கூட்டம் குறையும். சாங்கி முனையிலிருந்து போகும் பம்போட்டில் (சிறு மோட்டார் படகு) 12 பேர் சேர்ந்தால்தான் புறப்படுவார்கள். வார நாளில் ஆள் சேரச் சற்றுக் காத்திருக்க நேரலாம். சனி, ஞாயிறு ஆள் சீக்கிரம் சேர்வதால் போவது சுலபம். மாலையில் திரும்பத்தான் வரிசை நீளும். சில்லறை கையில் இருக்கட்டும்.

மழைதான் ஏமாற்றும். "காலையிலேயே போய்விடு" என்பார்கள். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் சுமத்ராக் காற்றுமழை பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள்தான் அடிக்கும். அது மேற்கிலிருந்து நகர்வதால் சிங்கப்பூரின் மேற்கு முனையான துவாஸ் முதலில் நனையும், கிழக்கே உள்ள சாங்கி கடைசியில். கிளம்புமுன் வானிலை காட்டும் மைஈஎன்வி (myENV) செயலியில் மழை ரேடாரைப் பாருங்கள். மலாக்கா நீரிணை மேல் வில்போல மேகக்கோடு தெரிந்தால் சாங்கி உணவங்காடியில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இடி கேட்டால் தீவில் உள்ள ஜெஜாவி காட்சிக் கோபுரத்தில் ஏறவேண்டாம்.

உபினின் செக் ஜாவா ஈரநிலத்தில் நட்சத்திரமீன் பார்க்க, கடல்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தை அலை அட்டவணையில் பார்த்து நாளைக் குறியுங்கள்.