விடுபட்ட வருடங்களுக்குப் பணம் கட்டியும் பென்ஷன் கூடவில்லை: இனி என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 65. 1979இல் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவனாக லண்டன் வந்தேன். 1980 முதல் 2012 வரை உள்ளூராட்சிக் கவுன்சிலில் வேலை. ஆட்குறைப்பில் வெளியேறிய பிறகு கவுன்சில் பென்ஷனில்தான் வாழ்கிறேன். 2027 ஜனவரியில் எனக்கு அரச ஓய்வூதிய வயது வருகிறது. "பழைய வருடங்களுக்குப் பணம் கட்டும் கதவு 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு மூடுகிறது" என்று எல்லோரும் சொன்னதால், உறவினர் ஒருவர் காட்டிவிட்ட பென்ஷன் ஆலோசகரிடம் போனேன். அவர் 450 பவுண் வாங்கிக்கொண்டு, 2012 முதல் 2016 வரை என் நஷனல் இன்சூரன்ஸ் (அரச பென்ஷனுக்கான பங்களிப்பு) பதிவில் விடுபட்ட நான்கு வருடங்களுக்கு 2025 மார்ச்சில் 3,296.80 பவுண் கட்டவைத்தார். இன்றுவரை என் அரச பென்ஷன் கணிப்புத் தொகை வாரம் 187 பவுணிலேயே நிற்கிறது. கட்டுவதற்கு முன் வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்குப் போன் செய்தபோது அங்கிருந்தவரும் "கட்டலாம்" என்றுதான் சொன்னார். முப்பத்திரண்டு வருடம் உழைத்த நாட்டில் இப்படி ஏமாற்றப்பட்டதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. 2020 செப்டம்பர் முதல், மகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நாட்களில் பேத்தியை நானே பார்த்துக்கொள்கிறேன், அதனால் வேலைக்கும் போக முடியவில்லை. மனைவி என்னைவிட மூத்தவர், பென்ஷன் எடுக்கிறார். எல்லோர் மீதும் வழக்குப் போட்டுப் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? பிறகு ஊருக்கே போய்விடலாம் என்றும் யோசிக்கிறேன்.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் சட்டப்படி பெறுமதியுள்ள வரி ஒன்றுதான், அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்ற வரி. அந்த ஐந்து வருடச் சொச்சம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கக்கூடியது. அதற்கு முன் அந்த 3,296.80 பவுணை முடித்துவிடுகிறேன். அது தீராமல் உங்கள் மனம் வேறு எதையும் கேட்காது.

2016 ஏப்ரலில் புதிய பென்ஷன் முறை வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஓர் ஆரம்பத் தொகை போட்டார்கள். பழைய விதிப்படி ஒரு கணக்கு, புதிய விதிப்படி ஒரு கணக்கு, இரண்டில் எது பெரிதோ அது. பழைய விதியில் 30 வருடம் இருந்தால் அடிப்படைப் பென்ஷன் முழுதாகிவிடும். அன்று அது 119.30 பவுண். உங்களிடம் 32 வருடம் இருந்தது. அதற்கு மேல் நான்கு சேர்த்தாலும் நாற்பது சேர்த்தாலும் அந்தக் கணக்கு அசையாது. புதிய விதியின் கணக்கில் அந்த நான்கு வருடம் ஏறும்தான். ஆனால் கவுன்சில் பென்ஷன் திட்டம் கான்ட்ராக்டட் அவுட் ஆனது, அதாவது அரசின் கூடுதல் பென்ஷனுக்குப் பதிலாக அதில் சேர்ந்து, குறைந்த நஷனல் இன்சூரன்ஸ் கட்டினீர்கள். அதற்காகக் கழிக்கிற தொகை, இத்தனை வருடம் அதில் இருந்தவருக்கு மிகப் பெரியது. கழித்துப் பார்த்தால் பழைய கணக்கே பெரிதாக நிற்கும். உங்கள் ஆலோசகர் பழைய வருடம்தான் முதலில் காலாவதியாகும் என்று பார்த்தாரே ஒழிய, எந்த வருடம் தொகையைக் கூட்டும் என்று பார்க்கவில்லை. உங்களைப் போன்றவருக்கு 2016 ஏப்ரலுக்குப் பிந்திய வருடங்கள் மட்டுமே கூட்டும். ஒவ்வொன்றும் புதிய பென்ஷனின் முழுத் தொகையில் 35இல் ஒரு பங்கு: 2025-26 கணக்கில் 230.25 பவுணை 35ஆல் வகுத்தால் வாரம் 6.58.

பணம் திரும்பி வருமா? உங்களுக்கு அந்த வருடங்களில் இடைவெளி இருந்தது, கட்ட அனுமதி இருந்தது, கெடுவுக்குள் கட்டினீர்கள். ஆகவே அது செல்லுபடியான கட்டணம். தவறுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கொடுக்க 2001ஆம் ஆண்டின் பங்களிப்பு ஒழுங்குவிதிகளில் இடமுண்டு. ஆனால் தவறு என்பது பணம் கட்டும் நேரத்தில், நடந்த அல்லது நடந்துகொண்டிருக்கிற விஷயம் ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. பென்ஷன் கூடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது அதற்குள் எளிதில் அடங்காது. எச்எம்ஆர்சிக்கு ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள்: இந்த நான்கு வருடமும் பென்ஷனில் எந்த மாற்றமும் தரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது இன்னும் திறந்திருக்கும் பிந்திய வருடங்களுக்கு மாற்றுங்கள். இது வேண்டுகோள், உரிமை அல்ல. மறுத்தால் தீர்ப்பாயம் வரை இழுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போனில் "கட்டலாம்" என்றது பிழையான ஆலோசனை அல்ல, உண்மைதான். கட்ட அனுமதி உண்டா என்பதைத்தான் எச்எம்ஆர்சி சொல்லும். கட்டினால் பென்ஷன் கூடுமா என்பதைச் சொல்லவேண்டியது வேலை, ஓய்வூதியத் திணைக்களமான டிடபிள்யூபியின் ஃபியூச்சர் பென்ஷன் சென்டர். இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு கேள்வி. ஏமாந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் அலுவலகத்தின் பதிலை இரண்டாவதன் பதிலாக எடுத்துக்கொண்டவர்கள். "கட்டினால் கூடும்" என்றே அந்த ஊழியர் சொன்னதாக உங்களுக்கு உறுதியாக நினைவிருந்தால் மட்டும், அழைத்த திகதியைக் குறிப்பிட்டு அந்த ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுங்கள். உங்களைப் பற்றிய தரவு அது, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பதிவில் அப்படி இருந்தால் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். இல்லாவிட்டால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள்.

இனிப் பேத்தி. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை, பெற்றவர் வேலைக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிற குடும்பத்தவர், ஓய்வூதிய வயதுக்குக் கீழ் இருந்தால், பெற்றவருக்குத் தேவைப்படாத நஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட்டை (பணம் கட்டாமலே வருடத்தை நிரப்பும் வரவு) தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். படிவம் சிஏ 9176. நீங்களும் சைல்ட் பெனிபிட் (பிள்ளைக்காக அரசு தரும் உதவித்தொகை) பெறுபவரும் கையெழுத்திட வேண்டும். 2011 ஏப்ரல் வரை பின்னோக்கிக் கேட்கலாம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற அளவில்லை. அந்த வாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். லாக்டவுன் காலத்தில் தொலைபேசியிலும் காணொளியிலும் கவனித்ததைக்கூட ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வரியாண்டுக்கான மனுவை அது முடிந்து வரும் அக்டோபர் 31க்குப் பிறகே போட முடியும். ஆகவே 2024-25 வரை இப்போதே கேளுங்கள். 2025-26க்கு, 2026 அக்டோபர் முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்காகப் பென்ஷன் மனுவைத் தாமதிக்காதீர்கள். கிரெடிட் பதிவானதும் தொகையைத் திருத்தக் கேட்கலாம்.

இது உடைவது ஓர் இடத்தில்தான், பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது. உங்கள் மகளோ மருமகனோ சைல்ட் பெனிபிட்டுக்கு மனுப் போட்டிருக்க வேண்டும். சம்பளம் கூடிய குடும்பங்களில் "எப்படியும் வரியாகத் திரும்பக் கேட்பார்கள், எதற்கு இந்தப் படிவம்" என்று விட்டுவிடுவது வழக்கம். மனுப் போட்டுவிட்டு "பணம் வேண்டாம்" என்று எழுதியிருந்தால் கிரெடிட் இருக்கிறது, உங்களுக்கு மாற்றலாம். மனுவே போடாவிட்டால் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. இப்போது போட்டால் மூன்று மாதம்தான் பின்னோக்கிப் போகும். மனு மருமகன் பெயரில் இருந்தால் கையெழுத்தும் அவருடையதுதான் வேண்டும், அந்த வருடங்களில் அவருடைய பதிவு வேலையால் நிரம்பியிருக்க வேண்டும். இன்னொன்று: ஒரு சைல்ட் பெனிபிட் மனுவுக்கு ஒரு கிரெடிட்தான், எத்தனை பிள்ளை இருந்தாலும். உங்கள் மனைவி ஓய்வூதிய வயதைக் கடந்தவர், அவரோடு போட்டியில்லை. சம்பந்தி வீட்டில் யாராவது அதே வருடங்களுக்கு ஏற்கெனவே கேட்டிருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள்.

சைல்ட் பெனிபிட் மனு இருக்கிறது என்றால் கணக்கு இப்படி. 187க்கும் 230.25க்கும் இடையில் 43.25 பவுண், அதாவது ஆறரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து வருடம் கிரெடிட்டில் நிரம்பும், ஒரு சதமும் செலவில்லை. 2020-21இல் செப்டம்பரிலிருந்துதான் பார்த்தீர்கள், எனவே அது அரைகுறையாக நிற்கும். சுமார் 22 வாரம் குறையும். கிரெடிட் ஏறிய பிறகு அந்த வாரங்களை மட்டும் வாங்குங்கள். கிளாஸ் 3 என்ற தன்விருப்பப் பங்களிப்பு 2025-26 கணக்கில் வாரம் 17.75 பவுண், ஏறக்குறைய 390 பவுண். அந்த 390க்கு வாரம் முழு 6.58 கூடும். இதைவிட மலிவான வருடம் உங்களுக்குக் கிடைக்காது. 2020-21க்குக் கெடு 2027 ஏப்ரல் 5.

இப்போது 226.47க்கு வந்துவிட்டீர்கள். மிச்சம் 3.78. இதற்கு 2019-20ஐ 2026 ஏப்ரல் 5 என்ற கெடு வரைதான் வாங்கலாம், 2025-26 கணக்கில் 923 பவுண். உச்சவரம்பு முட்டுவதால் அந்த வருடம் 6.58 தராது, 3.78தான் தரும், வருடத்துக்கு 197 பவுண். போட்டது திரும்ப ஐந்து வருடம் ஆகும், வருமான வரி போனால் இன்னும் கூடும். என் கருத்து: விட்டுவிடுங்கள்.

ஆனால் சைல்ட் பெனிபிட் மனு இல்லை என்று தெரிந்தால் எல்லாம் மாறும். அப்போது 2019-20 முதல் 2025-26 வரை ஏழு வருடத்தையும் வாங்க வேண்டியிருக்கும். அந்த 2019-20, கெடு முடிந்தால் போனது போனதுதான். ஏழுக்கும் ஆறாயிரத்துச் சொச்சம் பவுண் போகும். வருடம் 2,249 கூடும், மூன்று வருடத்துக்குள் போட்டது வந்துவிடும். நல்ல வாங்கல்தான். ஆகவே இன்றிரவே மகளிடம் கேளுங்கள்: சைல்ட் பெனிபிட் யார் பெயரில், எந்த ஆண்டிலிருந்து? அந்தப் பதில் வரும் வரை ஒரு பவுணும் கட்டாதீர்கள். கோபத்தில் ஏழு வருடத்தையும் அவசரமாகக் கட்டிவிட்டு, பிறகு கிரெடிட் இருந்தது தெரிந்து, அதே எச்எம்ஆர்சியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு அலைபவர்களைப் பார்க்கிறேன். ஒரு தடவை அலைவது போதும்.

வாங்கும்போது, எச்எம்ஆர்சி தரும் 18 இலக்கக் குறிப்பு எண்ணோடுதான் அனுப்ப வேண்டும், எந்த வரியாண்டுக்கு என்பதையும் முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் பணம் எந்த வருடத்திலும் ஏறாமல் கிடக்கும். முன்னதாக ஃபியூச்சர் பென்ஷன் சென்டரிடம் "இந்த வருடத்தை நிரப்பினால் என் வாரத் தொகை எவ்வளவால் கூடும்" என்று கேட்டு, திகதியோடும் பேசியவர் பெயரோடும் எழுதி வையுங்கள். நீங்கள் ஓய்வூதிய வயதை எட்டும் 2026-27 வரியாண்டு கணக்கில் வராது. அதை வாங்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

அந்த ஆலோசகர் விஷயம். "இந்த நான்கு வருடத்தையும் கட்டுங்கள், பென்ஷன் கூடும்" என்று அவர் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதியிருந்தால் உங்களிடம் வழக்கு இருக்கிறது. வாயால் சொன்னது மட்டும் என்றால், ரசீதில்லாத 450 பவுணும் உங்கள் வார்த்தைக்கு எதிர் அவர் வார்த்தையும்தான். எழுத்து இருந்தாலும், கட்டியதும் கொடுத்ததும் சேர்ந்த 3,746.80க்குச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுக் கட்டணமே 205 பவுண். விசாரணைக் கட்டணம் வேறு. வென்றாலும் அவரிடமிருந்து வசூலிக்கிற வேலை உங்களுடையது. முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். 450ஐத் திருப்பித் தந்து மேலே ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு முடியுங்கள். ஒரே நிபந்தனை: பணம் கணக்கில் விழுந்த பிறகே "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற காகிதத்தில் கையெழுத்து. உறவினர் நடுவில் நின்று "நான் வாங்கித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்" என்றால் போடாதீர்கள்.

ஊருக்குப் போவதைப் பற்றி. இலங்கையில் குடியிருப்பவர்களுக்குப் பிரித்தானிய அரச பென்ஷன் வரும், ஆனால் வருடாந்த உயர்வு வராது. போகும் நாளில் என்ன தொகையோ அதுவே பத்து வருடம் கழித்தும். இந்தியாவில் குடியேறினாலும் இதே நிலைதான். இதை எதிர்த்து ஓய்வூதியர்கள் பிரபுக்கள் சபை வரையும் பிறகு ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமை நீதிமன்றம் வரையும் போய்த் தோற்றுவிட்டார்கள், 2010இல் அது முடிந்துபோன கேள்வி. நிரந்தரமாகத் திரும்பி வந்தால் அன்றைய உயர்ந்த தொகைக்கு ஏறும். மேலே சொன்ன 390 பவுண் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் இலாபம்தான். 2019-20க்கான 923ஐப் போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த உயர்வு வராததே இரண்டாவது காரணம். பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் கிரெடிட், நீங்கள் பிரித்தானியாவில் வழமையாக வசித்த வாரங்களுக்கே கிடைக்கும். இடையில் ஊரில் நீண்ட காலம் தங்கியிருந்தால் கடவுச்சீட்டைப் பார்த்து அந்த வாரங்களைப் படிவத்தில் விட்டுவிடுங்கள். பொய்யாக நிரப்பிய ஒரு வருடத்தால் உண்மையான ஐந்து வருடமும் கேள்விக்குள்ளாகும்.