நாத்தனாரின் பாலிசி போதுமா?

கேள்வி: கட்டி காரணமாக எனக்குக் கருப்பை அகற்றப்பட்டுவிட்டது. ஒரு குழந்தைக்குத் தாயான என் நாத்தனார் (வயது 31) எங்கள் கருவைச் சுமந்து பெற்றுத்தர முன்வந்திருக்கிறார். அவருடைய கணவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பிரசவச் செலவும் அடக்கம். எங்களிடமும் குடும்ப ஃபுளோட்டர் பாலிசி (குடும்பத்தார் அனைவருக்கும் பொதுவான ஒரே காப்பீடு) இருக்கிறது. அப்படியிருந்தும் நாத்தனார் பெயரில் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவமனையில். அவசியம்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவசியம்தான். 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைத்தாய் முறை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி, கருவைச் சுமக்கும் பெண்ணுக்கு 36 மாதக் காப்பீடு எடுத்துக் கொடுத்தால்தான் வாடகைத்தாய் முறையை மேற்கொள்ள உங்களுக்குத் தேவையான அவசியச் சான்றிதழ் கிடைக்கும். மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றும் குழந்தையின் பெற்றோர் யார் என்பது குறித்த மாஜிஸ்திரேட்டின் ஆணையும் போல, இதுவும் ஒரு முன்நிபந்தனை. ஆகவே கருவைக் கருப்பையில் வைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

உங்கள் ஃபுளோட்டர் பாலிசியில் நாத்தனார் உறுப்பினராக இருக்க மாட்டார் என்பதால் அது இங்கே உதவாது. அவருடைய கணவரின் குழுக் காப்பீட்டைத்தான் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டு ஆவணங்களில் விலக்குகள் என்ற தலைப்பின்கீழ் எண்ணிட்ட பட்டியல் ஒன்று இருக்கும். அதில் 17-ஆவது குறியீடு குழந்தையின்மை தொடர்பான செலவுகளை விலக்குகிறது. செயற்கைக் கருத்தரிப்பும் வாடகைத்தாய் முறையும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. 18-ஆவது குறியீடு, சிசேரியன் உட்படப் பிரசவச் செலவுகளையும், விபத்தால் நேராத கருச்சிதைவுக்கான செலவையும் விலக்குகிறது. குழுக் காப்பீட்டில் பிரசவச் செலவு உண்டு என்றால் பெரும்பாலும் 18-ஐ மட்டும் தளர்த்தியிருப்பார்கள். 17 அப்படியே நிற்கக்கூடும். பிரசவம் என்று மட்டும் சொல்லி கிளெய்ம் வாங்கிவிடலாம் என்று உறவினர்கள் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மருத்துவமனைக் குறிப்பில் கருமாற்றம் செய்த தேதி இருக்கும். உண்மையை மறைத்த பாலிசியையே காப்பீட்டு நிறுவனம் ரத்துசெய்ய இடமுண்டு. அதோடு, நாத்தனாரின் கணவர் வேலை மாறினால் குழுக் காப்பீடும் அன்றோடு முடிந்துவிடும்.

வாடகைத்தாய் சட்டத்துக்காக 2022-இல் வந்த விதிகள், கர்ப்பத்தால் வரும் எல்லாச் சிக்கல்களுக்கும், பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களுக்கும் போதுமான தொகைக்குக் காப்பீடு வேண்டும் என்கின்றனவே தவிர, இத்தனை லட்சம் என்று வரையறுக்கவில்லை. சாதாரண பிரசவத்துக்கு ஆகும் பில்லை வைத்து அந்தத் தொகையை முடிவுசெய்யாதீர்கள். கடும் ரத்தப்போக்கு, தீவிர சிகிச்சை, மறு அறுவை சிகிச்சை என்று போனால் எவ்வளவு ஆகும் என மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு, அதற்கு ஈடுகொடுக்கும் தொகைக்கு எடுங்கள். முன்மொழிவுப் படிவத்தில் (பாலிசி கேட்டுத் தரும் விண்ணப்பத்தில்) வாடகைத்தாய் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு கிளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காலம்) உண்டா, கருச்சிதைவுக்கும் பணம் தருவார்களா, பிரசவச் செலவுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்ற மூன்றுக்கும் நிறுவனத்தின் பதிலை மின்னஞ்சலில் வாங்கிய பிறகே பிரீமியம் கட்டுங்கள். முகவர் வாயால் சொன்னது கிளெய்ம் நாளில் செல்லாது.

இதுதவிர, மாஜிஸ்திரேட் முன்னிலையில் நீங்கள் ஒரு பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். நாத்தனாரின் மருத்துவச் செலவு, உடல்நலக் கேடு, உயிரிழப்பு ஆகியவற்றுக்கு ஈடு தருவதாக அதில் உறுதியளிக்கிறீர்கள். பாலிசி கைவிடும் இடத்தில் உங்கள் கைப்பணம் போகும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். கையெழுத்திடும் முன் கணவரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாடகைத்தாய் மூலம் பிறக்கவிருக்கும் எங்கள் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே எங்கள் பாலிசியில் காப்பீடு கிடைக்குமா?
– மற்றொரு வாசகர்

பதில்: சட்டப்படி அது உங்கள் சொந்தக் குழந்தை, அதில் ஐயமில்லை. ஆனால் பல பாலிசிகளில், தாயின் பிரசவ கிளெய்ம் அதே பாலிசியில் ஏற்கப்பட்டால்தான் பச்சிளங்குழந்தைக்கும் காப்பீடு உண்டு. உங்கள் விஷயத்தில் பிரசவிப்பவர் உங்கள் பாலிசியில் இல்லை. குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் வைக்க நேர்ந்தால் செலவு எகிறும் என்பதால், மாஜிஸ்திரேட் ஆணையின் நகலை இணைத்து, எந்த நாளிலிருந்து குழந்தையைச் சேர்ப்பார்கள் என்று கர்ப்பம் உறுதியானதுமே நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.