போர்க்கால அமெரிக்க டாங்கிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஷெர்மனை, அதாவது எம்4 நடுத்தர டாங்கியை, பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எப்போதும் சொல்வதுதான்: வண்டியின் முழுப் பெயர், ஆண்டு, இடம் மூன்றையும் எழுதுங்கள். அவை இல்லாமல் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

எம்3-இன் பீரங்கி எத்தனை மி.மீ.?

எந்த எம்3? நடுத்தர டாங்கி ஒன்றின் பெயர் எம்3. இலகு டாங்கி ஒன்றும் எம்3. ஹாஃப் ட்ராக் (முன்னால் சக்கரம், பின்னால் சங்கிலி) வண்டியும் எம்3. ஷெர்மனில் இருந்த 75 மி.மீ. பீரங்கி எம்3, எம்36-இல் இருந்த 90 மி.மீ. பீரங்கியும் எம்3. அமெரிக்கர்கள் ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும் தனி வரிசையில் எண் போட்டதால் வந்த குழப்பம் இது. லீ, கிராண்ட் என்று பிரிட்டிஷார் அழைத்த நடுத்தர டாங்கியைக் கேட்கிறீர்கள் என்றால், உடலின் வலப்பக்கத்தில் 75, மேலே டரெட்டில் (சுழலும் பீரங்கிக் கூண்டு) 37. ஸ்டூவர்ட் என்ற இலகு டாங்கி என்றால் 37. மேலே சொன்ன மூன்று விவரங்களில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம்.

எம்10, எம்18, எம்36 எல்லாம் டாங்கிகள்தானே? ஏன் வேறு பெயர் சொல்கிறீர்கள்?

டாங்கிகள் அல்ல. டரெட்டின் மேல்பக்கத்தைப் பாருங்கள், கூரை இருக்காது. இவை டாங்கி அழிப்பான்கள். 1940-இல் ஜெர்மன் டாங்கிப் படை ஆறே வாரத்தில் பிரான்சை வீழ்த்தியதைப் பார்த்து அமெரிக்க ராணுவம் மிரண்டுபோனது. அப்படி மொத்தமாகப் பாய்ந்து வரும் டாங்கிகளைத் தடுக்க, வேகமாக ஓடிப் பதுங்கிச் சுடும் தனிப் படை வேண்டும் என்று ஜெனரல் லெஸ்லி மெக்நேர் வற்புறுத்தினார். ஆண்ட்ரூ புரூஸ் தலைமையில் அந்தப் படை உருவானது. டெக்சாஸில் கேம்ப் ஹூட் அதன் பயிற்சி மையம்.

முதலில் கிடைத்தது ஹாஃப் ட்ராக்கில் ஏற்றிய 75 மி.மீ. பீரங்கிதான். 1943 மார்ச் 23-இல் துனிசியாவின் எல் கெத்தாரில் 601-வது பட்டாலியன் அந்த வண்டிகளோடுதான் ஜெர்மனியின் 10-வது பான்சர் (கவச) டிவிஷனை எதிர்கொண்டது. கண்ணிவெடிகளும் பின்னாலிருந்த பீரங்கிப்படையும் துணைநிற்க, சுமார் 30 ஜெர்மன் டாங்கிகள் அன்று விழுந்தன. பட்டாலியன் தன் வண்டிகளில் சுமார் 20-ஐப் பறிகொடுத்தது.

அதற்கப்புறம் ஜெர்மானியர்கள் அப்படிக் கூட்டமாக வருவது அரிதாகிவிட்டது. பட்டாலியன்களைப் பிரித்து காலாட்படை டிவிஷன்களுக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்த அதிகாரிகள் பலர் இவற்றை டாங்கியாகவே நினைத்து முன்னால் அனுப்பினார்கள். மெல்லிய கவசம், திறந்த கூரை, உள்ளே ஐந்து பேர். விளைவை யோசித்துப் பாருங்கள். 1946-இல் படையே கலைக்கப்பட்டது. டாங்கி அழிப்பானை டாங்கி என்று எழுதாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அன்றைக்கே அந்தக் குழப்பத்தால் ஆட்கள் செத்தார்கள்.

எம்10-க்கு வுல்வரின், எம்36-க்கு ஜாக்சன் என்ற பெயர்கள் சரியா?

போர்க்களத்தில் எம்10-ஐ எம்10 என்றும் எம்36-ஐ எம்36 என்றும்தான் சொன்னார்கள். எம்18-க்கு ஹெல்கேட் என்ற பெயர் மட்டும் அந்தக் காலத்தது. அதைத் தயாரித்த பியூக் நிறுவனம் விளம்பரத்துக்கு வைத்தது.

ஹெல்கேட்டின் உச்ச வேகம்?

நல்ல சாலையில் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல். அதற்குக் கொடுத்த விலை, உடல் கவசம் வெறும் 13 மி.மீ. தயாரானவை சுமார் 2,500.

ஜெர்மன் கனரக டாங்கியான டைகர் ஒன்றை அழிக்க ஐந்து ஷெர்மன்கள் பலியாக வேண்டியிருந்ததாமே?

எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, நடந்த செய்தியாகவே எழுதிவிட்டு என் கருத்தைக் கேட்கிறார். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இது பொய்க் கணக்கு. போர்க்கால இழப்புப் பதிவுகள் எதிலும் இப்படி ஒரு விகிதம் கிடையாது. அமெரிக்க டாங்கிப் பிளட்டூனில் (சிறு பிரிவு) இருந்தவை ஐந்து டாங்கிகள். எதிரே டைகர் இருந்தாலும், ஒற்றை இயந்திரத் துப்பாக்கி இருந்தாலும், போவது அந்த ஐந்தும்தான். ஐந்து அனுப்பினார்கள் என்பது காலப்போக்கில் ஐந்து செத்தன என்று மாறிவிட்டது.

எண்ணிக்கையையும் பாருங்கள். போர் முழுக்க ஜெர்மனி கட்டிய டைகர்கள், இரண்டு வகையும் சேர்த்து 1,900-ஐத் தாண்டாது. அவற்றில் பெரும்பகுதி ரஷ்ய முனையில் இருந்தன. நார்மண்டிக்கு வந்த மூன்று டைகர் பட்டாலியன்களும் கான் நகரைச் சுற்றி பிரிட்டிஷ், கனடியப் படைகளோடு மோதின. 1944-இல் அமெரிக்க வீரர்கள் டைகர் என்று தகவல் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை பக்கத் தகடு மாட்டிய பான்சர் 4 என்ற ஜெர்மன் நடுத்தர டாங்கிகள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தத் தகடுகள் உருவத்தையே மாற்றிக் காட்டும். ஷெர்மன்கள் ஏறக்குறைய 50,000 தயாராயின. அவற்றைப் பெரும்பாலும் கொன்றவை மறைந்திருந்த டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள், கண்ணிவெடிகள், தானே ஓடும் பீரங்கி வண்டிகள், ஒரே ஆள் கையில் பிடித்துச் சுடும் பான்சர்ஃபாஸ்ட் ஆகியவை.

போருக்குப் பின் அமெரிக்க ராணுவமே 3-வது, 4-வது கவச டிவிஷன்களின் மோதல்களை எடுத்து ஆராய்ந்தது. வென்றது பெரும்பாலும் முதலில் பார்த்து முதலில் சுட்டவர். முன்னேறிப் போகிறவனை, காத்திருக்கிறவன் முதலில் பார்க்கிறான். அமெரிக்கர்கள் போர் முழுக்க முன்னேறிக்கொண்டிருந்தார்கள். 1944 செப்டம்பரில் பிரான்சின் அராகோர்ட்டில் நிலைமை தலைகீழானது. புத்தம்புது பாந்தர் டாங்கிகளோடு வந்த ஜெர்மன் பிரிகேடுகள் மூடுபனியில் தாக்கின. காத்திருந்தவை ஷெர்மன்களும் எம்18-களும். தான் இழந்ததைப் போலப் பல மடங்கு டாங்கிகளை 4-வது கவச டிவிஷன் அங்கே வீழ்த்தியது.

பாந்தரின் முன்பக்கத்தை ஷெர்மனின் 75 மி.மீ. பீரங்கியால் துளைக்க முடியவில்லை என்பது உண்மை. புதிதாக வந்த 76 மி.மீ. பீரங்கியும் ஏமாற்றியது. டங்ஸ்டன் குண்டு உதவியது, ஆனால் அதுவும் போதுமான அளவு வரவில்லை, வந்ததில் முன்னுரிமை டாங்கி அழிப்பான்களுக்கு. அந்த வீரர்கள் பட்ட பயத்துக்கு முழுக் காரணம் இருந்தது. அதை ஐந்துக்கு ஒன்று என்ற சூத்திரமாகச் சுருக்கினால், அவர்கள் எண்ணிக்கையால் மட்டும் வென்ற பலியாடுகள் என்றாகிவிடும். பார்த்து, சூழ்ந்து, பக்கவாட்டில் போய்ச் சுட்ட அவர்கள் திறமை அதில் காணாமல் போகிறது. அதனால்தான் இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

பெட்ரோல் என்ஜின் என்பதால்தான் ஷெர்மன் தீப்பிடித்ததா?

டைகரும் பாந்தரும் பான்சர் 4-உம் கூடப் பெட்ரோலில்தான் ஓடின. ஷெர்மனில் முக்கியக் காரணம் குண்டுகள் வைத்திருந்த இடம். சங்கிலிக்கு மேலே, பக்கச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தார்கள். பக்கவாட்டில் துளைத்தால் நேராக அங்கேதான் போகும். பிறகு குண்டுகளைத் தரைக்கு இறக்கி, நீர் நிரப்பிய உறைகளுக்கு நடுவே வைத்தார்கள். அடிபட்டவற்றில் எரிந்தவை முன்பு 60 முதல் 80 சதவீதம். மாற்றத்துக்குப் பிறகு 10 முதல் 15. இரண்டிலும் என்ஜின் பெட்ரோல்தான்.

ஷெர்மனின் எம்4ஏ4 வகையில் ஐந்து கார் என்ஜின்களா?

ஆம். கிரைஸ்லர் ஐந்து ஆறு-சிலிண்டர் என்ஜின்களை ஒரே தண்டில் சேர்த்தது, மொத்தம் 30 சிலிண்டர்.

90 மி.மீ. பீரங்கி கொண்ட பெர்ஷிங் டாங்கி ஓராண்டு முன்னால் வந்திருந்தால்?

நடக்காததைப் பற்றி ஊகம் சொல்ல மாட்டேன். ஏன் தாமதம் என்று கேட்டிருந்தால் பதில் உண்டு. 1943 வரை 75 மி.மீ. போதும் என்றே களத்திலிருந்து செய்தி வந்தது. பாந்தரும் டைகர் போல எப்போதாவது வரும் கனரக டாங்கி என்று உளவுத்துறை தப்பாக எடைபோட்டது. ஆனால் பான்சர் டிவிஷனின் டாங்கிகளில் பாதி பாந்தராக இருந்தது. பெர்ஷிங் விஷயத்தில் மெக்நேர் தயங்கினார் என்பதும் உண்மை, ஆனால் எல்லாப் பழியையும் அவர்மேல் போடுவது வசதியான வழக்கம். 1944 ஜூலை 25-இல் செயின்ட்-லோ அருகே தவறி விழுந்த அமெரிக்க விமானக் குண்டுகளில் அவர் இறந்துவிட்டார், பதில் சொல்ல அவர் இல்லை. முதல் 20 பெர்ஷிங்குகள் 1945 ஜனவரியில் ஆண்ட்வெர்ப்பில் இறங்கின. எடை 40 டன்னுக்கு மேல், என்ஜினோ எம்4ஏ3-இன் ஃபோர்டு என்ஜினின் உறவுதான். மூச்சுத் திணறியது. ஆனாலும் மார்ச் 6-இல் கொலோன் பேராலயத்தின் முன்னால் ஒரு பாந்தரை வீழ்த்தியது.

நார்மண்டித் தரையிறக்கத்தின்போது ஓமஹா கடற்கரையில் நீந்தும் டாங்கிகள் எத்தனை மூழ்கின?

741-வது பட்டாலியன் கடலில் இறக்கியவை 29. மூழ்கியவை 27.

கறுப்பின வீரர்கள் டாங்கிகளில் இருந்தார்களா?

இருந்தார்கள், தனிப் பட்டாலியன்களில் பிரித்து வைக்கப்பட்டார்கள். 761-வது டாங்கிப் பட்டாலியன் 1944 நவம்பரிலிருந்து போர் முடியும் வரை களத்தில் இருந்தது. 614-வது டாங்கி அழிப்பான் பட்டாலியன் டிசம்பர் 14-இல் பிரான்சின் கிளைம்பாக்கில் இழுவைப் பீரங்கிகளைத் திறந்த வெளியில் நிறுத்திச் சண்டையிட்டது. பலமுறை குண்டடிபட்டும் பீரங்கிகளை நிறுத்தி முடிக்கும்வரை அதன் அதிகாரி சார்லஸ் தாமஸ் விலகவில்லை. அவருக்கு உரிய மெடல் ஆஃப் ஆனர் (அமெரிக்காவின் உயரிய வீர விருது) 1997-இல்தான் வந்தது. 1980-லேயே இறந்துவிட்டார். இவ்வளவு தாமதம் மன்னிக்க முடியாதது.

இந்த வண்டிகள் இந்தியப் படையில் இருந்தனவா?

ஸ்டூவர்ட், லீ, ஷெர்மன் மூன்றும் இருந்தன. காஷ்மீர்ப் போரில், 1948 நவம்பர் 1-இல் சோஜி லா கணவாயில், 3,500 மீட்டர் உயரத்தில், 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட்கள் திடீரென்று தோன்றின. மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவு கோவேறு கழுதைப் பாதையை டாங்கி ஏறும் அளவுக்கு அகலப்படுத்தியிருக்காவிட்டால் அது நடந்திருக்காது.

எம்10 மாடல் செய்கிறேன். டரெட்டுக்குக் கூரை போடலாமா?

எந்த ஆண்டு, எந்த இடம்? துனிசியா 1943 என்றால் திறந்தே விடுங்கள். 1944-45 குளிர்காலம் என்றால், குண்டுச் சிதறலுக்குப் பயந்து குழுவினரே இரும்புத் தகடு வெட்டி மூடிய வண்டிகள் உண்டு. அப்படிச் செய்வதானால் குறிப்பிட்ட ஒரு வண்டியின் புகைப்படத்தைப் பார்த்துச் செய்யுங்கள், ஒவ்வொரு பணிமனையும் ஒவ்வொரு விதமாக வெட்டியது.