மேசைமேல் நிற்கும் டவர்: உயர்கட்டட மாடலைப் பார்ப்பது எப்படி? (கேள்வி பதில்)

உயரமான டவர் ஒன்று வரப்போகிறது என்றால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, மாடலை மேசைமேல் வைத்துக் காட்டுவார்கள். அதை எப்படிப் பார்ப்பது, என்ன கேட்பது, நாமே ஒன்று செய்யலாமா என்று வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே. தனியாகச் சொல்லாத இடங்களில் ஸ்கேல் 1:500 என்றும், டவர் 200 மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஸ்கேலில் 1 மி.மீ. என்பது அரை மீட்டர்.

மாலதி: கூட்டத்தில் மாடலைக் காட்டினார்கள். 60 மாடியாம். பார்த்தால் அவ்வளவு பெரிதாகவே தெரியவில்லை. ஸ்கேலில் ஏதாவது ஏமாற்றியிருப்பார்களா?

ஸ்கேலில் கை வைப்பது அபூர்வம். யாராவது அளந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். சிக்கல் உங்கள் கண் இருக்கும் இடத்தில். 200 மீட்டர் டவர் மாடலில் 40 செ.மீ. மேசை உயரம் 75 செ.மீ., நிற்பவரின் கண் தரையிலிருந்து 155 செ.மீ. என்றால், மாடலின் தெருவுக்கு மேலே 80 செ.மீ. உயரத்திலிருந்து பார்க்கிறீர்கள். நிஜத்தில் அது 400 மீட்டர். டவர் உச்சிக்கு மேல் இன்னொரு டவரை வைத்து, அதன் மேல் ஏறி நின்று குனிந்து பார்ப்பது மாதிரி. அங்கிருந்து பார்த்தால் எந்தக் கட்டடமும் சாதுவாகத்தான் தெரியும். தெருவில் நடப்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். மாடலில் அது 3 மி.மீ.தான், தீக்குச்சித் தலை அளவு.

எனவே முட்டி போடுங்கள். முகத்தை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடுங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே சுமார் 6.5 செ.மீ. இடைவெளி உண்டு. 1:500-ல் அது 32 மீட்டர். இரு கண்ணாலும் பார்க்கும்வரை 'இது பொம்மை' என்று மூளை சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு கண்ணை மூடினால் அந்தத் துப்பு போய்விடும். 25 செ.மீ.க்குள் பலருக்குக் கண் தெளிவாகக் குவியாது என்பதால், 125 மீட்டரைவிடப் பக்கத்தில் இருக்கும் வீட்டின் பார்வை இந்த வழியில் கிடைக்காது.

மாடலே இல்லாமல் ஒரு சோதனை: கையை முழுசாக நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறக்குறைய 10 பாகை. 300 மீட்டர் தள்ளி நிற்கும் 200 மீட்டர் டவர் 33 பாகைக்கு எழும்பும். உங்கள் தெருவில் நின்று, கண் மட்டத்திலிருந்து மூன்று முஷ்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். டவர் அங்கே வரை வரும்.

சுரேஷ்: முட்டி போட வெட்கமாக இருக்கிறது சார். மொபைலை வைத்துப் படம் எடுத்தால் போதாதா?

போதும், ஆனால் மொபைலைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் மேல் ஓரத்தில் இருப்பதால், நிமிர்த்திப் பிடித்தால் அது தரையிலிருந்து 14, 15 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும், அது 70 மீட்டர். தலைகீழாக வைத்தாலும் லென்ஸ் ஓரத்திலிருந்து ஒரு செ.மீ.யாவது உள்ளே இருக்கும். அது 5 மீட்டர், அதாவது முதல் மாடி ஜன்னல். மாடிவாசிகளுக்கு அதுவே சரியான உயரம்.

அல்ட்ரா வைட் லென்ஸ் மட்டும் வேண்டாம். அது தூரத்தில் இருப்பதை இன்னும் தள்ளிவிட்டு, டவரைக் குச்சியாக்கிவிடும். மெயின் லென்ஸில் எடுங்கள், முடிந்தால் இரண்டு மடங்கு ஜூம். பில்டர் தரும் படங்களிலும் எந்த லென்ஸ், எந்த உயரம் என்று கேளுங்கள்.

இந்த யோசனை புதிதல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டொனால்ட் ஆப்பிள்யார்டும் கென்னத் கிரெய்க்கும் 1970-களில் ஒரு ஆய்வகமே வைத்திருந்தார்கள். மேலிருந்து தொங்கும் கேமரா, பெரிஸ்கோப் மாதிரி ஒரு குழாய் வழியாக மாடலின் தெருக்களுக்குள் 'நடந்து' படம் எடுக்கும்.

ஃபாத்திமா: எங்கள் மொட்டை மாடிக்கு வெயில் வருமா என்பதுதான் கவலை. டார்ச் அடித்துப் பார்த்தோம், நிழல் எங்கள் வீடுவரை வரவில்லை.

டார்ச்சை நம்பாதீர்கள். சூரியக் கதிர்கள் இணையாக வரும். பக்கத்தில் பிடித்த டார்ச்சின் ஒளி விரிந்து வரும். நிழலின் நீளம், அகலம் இரண்டும் தப்பாகும். எந்தத் தேதி, எத்தனை மணி என்று தெரியாமல் அடித்த வெளிச்சத்துக்கு அர்த்தமும் இல்லை.

கணக்கு எளிது. சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் நிழல் 200 மீட்டர், மாடலில் 40 செ.மீ. 30 பாகையில் 346 மீட்டர், 69 செ.மீ. 15 பாகையில் 746 மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். இப்போது மாடலின் அடிப்பலகையை அளந்து பாருங்கள். 60 செ.மீ. சதுரம் என்றால், காலை, மாலை நிழல் மேசையைத் தாண்டித் தரையில் விழும். நிழல் வரவில்லை என்பதற்கும், நிழல் விழும் வீடு மாடலிலேயே இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. நான் முதலில் பார்ப்பது பலகையின் ஓரத்தைத்தான்: எந்தத் தெருவோடு வெட்டியிருக்கிறார்கள், அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று.

சரியாகச் செய்ய வேண்டுமானால், உங்கள் ஊர் அட்சரேகைக்கு வரைந்த சின்ன அட்டைச் சூரியக் கடிகாரத்தை மாடலின் வடதிசை பார்த்து ஒட்டி, மாடலை வெளியே நிஜ வெயிலில் வையுங்கள். முள்ளின் நிழல் வேண்டிய தேதி, மணிக் கோட்டில் விழும்வரை பலகையைச் சாய்த்தால், அந்த நேரத்து நிழல் அப்படியே கிடைக்கும். மார்ச் 21, ஜூன் 21, டிசம்பர் 21 மூன்றுக்கும் காலை, மதியம், மாலை என்று ஒன்பது படம் எடுங்கள்.

எவ்வளவு தூரம் நிழல் வரும் என்பதோடு எவ்வளவு நேரம் நிற்கும் என்றும் பாருங்கள். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 350 மீட்டர் தள்ளி இருக்கும் 40 மீட்டர் அகல டவர், சூரியன் பக்கவாட்டில் நகரும் வேளையில் உங்கள் வீட்டைச் சுமார் 25 நிமிடம் மறைக்கும். 120 மீட்டர் அகலப் பலகை போன்ற கட்டடம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் மறைக்கும். சூரியன் நேராக மேலேறும் ஊர்களில் இது இன்னும் கூடும். ஒல்லியான 200 மீட்டரைவிட அகலமான 100 மீட்டர் சில வீடுகளுக்கு மோசம். சான் பிரான்சிஸ்கோவில் 1984-ல் மக்கள் வாக்கெடுப்பு வழியாக ஒரு விதி வந்தது: 40 அடிக்கு மேற்பட்ட புதுக் கட்டடத்தின் நிழல் நகரப் பூங்காக்களில் விழுமா என்று ஆராய வேண்டும்.

டேவிட்: சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் வெள்ளைப் பெட்டி. புது டவர் மட்டும் கண்ணாடி மாதிரி அக்ரிலிக், உள்ளே விளக்கு. ஏன் அப்படி?

அழகுக்காக என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் தெளிவான அக்ரிலிக் வழியாகப் பின்னால் இருப்பது தெரிகிறது, நிழலும் வெளிறிப்போகிறது. நிஜக் கண்ணாடிக் கட்டடத்தில் ஸ்லாப், லிஃப்ட் சுவர், திரை, அலமாரி எல்லாம் இருக்கும். பகலில் அதை ஊடுருவி வானத்தைப் பார்க்க முடியாது. ஒளிபுகாத ஒரு டவர் துண்டை மாற்றி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓர் அட்டையை டவர் அளவுக்கு வெட்டி முன்னால் பிடித்தாலும் போதும்.

மரங்களையும் அளங்கள். மாடலில் 3 செ.மீ. மரம் என்றால் 15 மீட்டர், நட்டு வெகுகாலம் ஆனது. திறப்பு விழா அன்று நிற்கப்போவது 3, 4 மீட்டர் கன்று. அது மாடலில் 7 மி.மீ.

ஜெயா: டவர் அடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்கிறார்களே, மாடலில் தெரியுமா?

தெரியாது. காட்சி மாடலும், பெரிய குழாய் போன்ற கூடத்தில் வைத்துக் காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்க மாடலும் வேறு வேறு. பின்னதும் பெரும்பாலும் 1:300 முதல் 1:500 வரைதான் இருக்கும்; ஆனால் அதில் அழுத்தம் அளக்கும் நுண்துளைகளும் நடைபாதை மட்டத்தில் உணரிகளும் வைத்திருப்பார்கள். பக்கத்துக் கட்டடங்களைவிட மிக உயர்ந்த சுவர், மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே தள்ளும். அதற்கான அறிக்கையைத் தனியாகக் கேளுங்கள்.

கண்ணாடியின் எதிரொளிப்பும் அப்படித்தான். லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் குழிந்த கண்ணாடி முகப்பு, 2013-ல் வெயிலைக் குவித்துத் தெருவில் நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கியது. அடுத்த வருடம் முகப்பில் தடுப்புப் பட்டைகள் பொருத்தினார்கள். மேசை மாடலை எத்தனை முறை சுற்றி வந்தாலும் அது தெரிந்திருக்காது.

கார்த்திக்: பெரிய ஸ்கேலில் கேட்டால் நல்லதா? 1:200 கேட்கலாம் என்று நினைக்கிறோம்.

எதற்கு என்பதைப் பொறுத்தது. 1:200-ல் டவரே ஒரு மீட்டர் உயரம். பால்கனி, நடைபாதை, கடை வாசல் எல்லாம் தெரியும். ஆனால் 500 மீட்டர் சதுர வட்டாரத்துக்கு இரண்டரை மீட்டர் மேசை வேண்டும், நடுவே கை எட்டாது. அதனால் சுற்றுப்புறத்தை வெட்டிவிடுவார்கள், உங்கள் வீடு காணாமல் போகும். அடி மட்டத்துக்கு 1:200, வட்டாரத்துக்கு 1:500 அல்லது 1:1000 என்று இரண்டு கேளுங்கள். பாஸ்டனில் திட்ட அலுவலகத்தின் மர மாடல் ஓர் அங்குலத்துக்கு 40 அடி, அதாவது 1:480. நியூயார்க்கில் 1964 உலகக் கண்காட்சிக்குச் செய்த நகர மாடல் 1:1200. அதில் எம்பயர் ஸ்டேட் கட்டடமே ஒரு முழங்கை உயரம்கூட இல்லை. ஊரைப் புரிந்துகொள்ள அது நல்லது, ஒரு ஜன்னலின் கதி அதில் தெரியாது.

வனிதா: நாங்களே ஒரு மாடல் செய்து கூட்டத்துக்கு எடுத்துப் போக விரும்புகிறோம். என்னென்ன வேண்டும்?

தாராளமாகச் செய்யலாம். ஒரு மீட்டர் சதுரம் போதும், 500 மீட்டர் வட்டாரம் வரும். ஒரே பலகையாக வேண்டாம், படிக்கட்டில் திரும்பாது. 50 செ.மீ. சதுரத்தில் 12 மி.மீ. பிளைவுட் நான்கு துண்டு, அடியில் போல்ட்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் கட்டடங்களின் அடித்தளக் கோடுகள் கிடைக்கும். விட்டுப்போனவற்றைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சேருங்கள். 1:500-ல் அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். நாலைந்து சதவீதம் சுருங்கினால் தரைக்கோடுகள் சின்னதாகும், நீங்கள் வெட்டும் உயரம் மாறாது. எல்லாக் கட்டடமும் நிஜத்தைவிட ஒல்லியாக நிற்கும். எதிர்த் தரப்புப் பொறியாளர் அதைப் பிடித்தால் உங்கள் மாடல் அதோடு முடிந்தது. வரைபடத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டு, அச்சான பின் ஸ்கேல் வைத்து அளங்கள்.

உயரத்துக்கு மாடிக்கு 3 மீட்டர், அதாவது 6 மி.மீ.; தரைத்தளம் கடை என்றால் 4 முதல் 4.5 மீட்டர். இரண்டு 3 மி.மீ. அட்டை ஒட்டினால் ஒரு மாடி. வீடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அட்டை அடுக்கிக் கை ஓய்ந்துவிடும். அடர்த்தியான 20 மி.மீ. தெர்மோகோல் ஷீட்டைச் சூடான கம்பியால் வெட்டுங்கள், அது 10 மீட்டர், மூன்று மாடிக்குப் போதும். நிலம் மேடு பள்ளம் என்றால் 2 மி.மீ. அட்டை ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் ஏற்றம்.

தெர்மோகோல்மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழி விழும். ரப்பர் சொல்யூஷனும் அரிக்கும். வெள்ளைப் பசை, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் மட்டும். ஃபோம் போர்டு (நடுவே நுரை வைத்த அட்டை) ஒரு பக்கம் மட்டும் ஈரப்பட்டால் வளையும். மறுபக்கமும் ஒரு பூச்சு கொடுத்து, இரவு முழுக்கப் புத்தகங்களைப் பாரம் வையுங்கள். லேசர் கட்டிங் கொடுத்தால் பி.வி.சி. ஷீட்டைக் கொடுக்காதீர்கள். நச்சு வாயு வரும், இயந்திரமும் துருப்பிடிக்கும்.

ஒரே நிறம் அடியுங்கள். டவருக்குச் சிவப்பு வேண்டாம். அவர்கள் கண்ணாடியில் செய்ததை நீங்கள் பெயின்டில் செய்வதாகிவிடும். டவர் நிற்கும் மனையை மட்டும் தனித்துண்டாகச் செய்து, மூன்று மாற்றுத் துண்டுகள் வையுங்கள்: இப்போது இருப்பது, ஏற்கெனவே அனுமதி பெற்றது, இப்போது கேட்பது.

ரவி: அப்பாவுக்குப் பார்வை இல்லை. கூட்டத்தில் 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள்.

தொட்டுப் பார்க்க ஒரு பிரதி கேளுங்கள். 1:1000 அளவில், முனை மழுங்கிய, அடிப்பலகையில் திருகிய மாடல் போதும். உங்கள் வீட்டின் கூரையில் மட்டும் சொரசொரப்பான காகிதம் ஒட்டுங்கள். ஒரு விரல் அங்கே, ஒரு விரல் டவர்மேல் வைத்தால் தூரமும் உயரமும் உடனே புரியும். பார்வை உள்ள பலரும் அந்தப் பிரதியைத்தான் நாடுவார்கள்.

அருண்: வி.ஆர். கண்ணாடி இருக்கும்போது மாடல் எதற்கு?

தெருமட்டப் பார்வைக்கு வி.ஆர். நல்லதுதான். ஆனால் ஒருவர்தான் உள்ளே இருப்பார், மற்றவர்கள் வரிசையில். எங்கே நிற்கலாம் என்பதையும் செய்தவர்தான் தீர்மானித்திருப்பார். மாடலைச் சுற்றி இருபது பேர் ஒரே நேரத்தில் நின்று, விரலை நீட்டிச் சண்டை போடலாம்.

மாலதி: மறுபடியும் போய் அளந்தேன். தெரு மட்டத்திலிருந்து 38.6 செ.மீ. வரைபடத்தில் 200 மீட்டர் என்று இருக்கிறது.

38.6 செ.மீ. என்றால் 193 மீட்டர். 7 மீட்டர் குறைகிறது. முதலில் உங்கள் வீட்டையோ, அகலம் தெரிந்த ஒரு சாலையையோ அளந்து ஸ்கேல் சரியா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், டவரில் மாடிக்கோடுகளை எண்ணுங்கள். 60-ம் இருந்தால், மொட்டை மாடியில் வரும் லிஃப்ட் இயந்திர அறை, தண்ணீர்த் தொட்டி, ஏ.சி. கருவிகளை மறைக்கும் சுவர் ஆகியவற்றை மாடலில் விட்டிருப்பார்கள். 7 மீட்டர் அதற்குப் பொருந்தும் அளவு. 58-தான் இருந்தால், பழைய டிசைனுக்குச் செய்த மாடல். இரண்டும் இல்லையென்றால், வரைபடத்தின் 200 எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள்: கடல் மட்டமா, மனையின் தாழ்ந்த மூலையா, உங்கள் தெருவா. மட்டங்கள் குறித்த குறுக்குவெட்டு வரைபடத்தின் நகலைக் கேளுங்கள், அளந்ததைப் படத்தோடு எழுத்தில் கொடுங்கள். விடுபட்டது 14 மி.மீ. அட்டைதான். அடுத்த கூட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம்.