‘தாத்தா எப்போ எழுந்திருப்பார்?’

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. அவன் தினமும் பார்க்கும் கார்ட்டூன் தொடரில் ஆமைத் தாத்தா என்றால் அவனுக்கு உயிர். ஒரு பகுதியில் அந்தத் தாத்தா இறந்துபோனார். தேம்பித் தேம்பி அழுதான். ‘தாத்தா தூங்கிட்டார்டா’ என்று என் மாமியார் சமாதானப்படுத்தினார். இரண்டு நாள் கழித்து, செயலி தானாகவே ஒரு பழைய பகுதியை ஓட்டியது. தாத்தா சிரித்துக்கொண்டே வந்தார். ‘எழுந்துட்டார்!’ என்று குதித்தான். அடுத்த நாள் மறுபடியும் இறந்துபோகும் பகுதி வந்தது. இப்போது இரவில் கண்ணை மூடவே பயப்படுகிறான். ‘நான் தூங்கினா எழுந்திருப்பேனா?’ என்று கேட்கிறான். தொடரை அடியோடு நிறுத்திவிடலாமா? மாமியார் மனம் நோகாமல் இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: தொடரை நிறுத்த வேண்டாம். முதல் வேலையாக, செயலியின் அமைப்புகளுக்குள் போய் ‘அடுத்த பகுதி தானாக ஓடும்’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதை அணைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் மகனுடைய பயத்துக்குக் காரணம் ஆமைத் தாத்தா இல்லை, ‘தூங்கிட்டார்’ என்ற சொல்தான். நாலரை வயதுப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். தூங்கியவர் திரும்பி வராமல் போகலாம் என்று பெரியவர்களே சொன்னால், அவன் தன் படுக்கையைப் பார்த்துப் பயப்படத்தானே செய்வான்? அந்தச் சொல்லை இன்றே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில், அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது சொல்வது நல்லது. படுக்கையில் வைத்துச் சொல்லாதீர்கள்.

இப்படிச் சொல்லலாம்: ‘தாத்தா தூங்கலை. இறந்துட்டார். இறந்துட்டா உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடும். மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது, எழுந்திருக்கவும் முடியாது. தூக்கம் வேற. தூங்கும்போது மூச்சு வந்துக்கிட்டே இருக்கும், நெஞ்சு துடிச்சிக்கிட்டே இருக்கும். காலையில அம்மா கூப்பிட்டா எழுந்துடுவே.’ அப்புறம் அவன் கையை எடுத்து அவன் நெஞ்சிலேயே வையுங்கள். நீங்கள் படுத்துக்கொண்டு கண்ணை மூடி, உங்கள் நெஞ்சிலும் அவன் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அரைமணி நேர விளக்கம் தராத தைரியத்தை அந்தத் துடிப்பு தந்துவிடுகிறது.

‘இறந்துட்டார்’ என்று பிள்ளையிடம் நேராகச் சொல்லப் பெற்றோருக்கு வாய் வருவதில்லை. இதே தயக்கம் தொலைக்காட்சிக்காரர்களுக்கும் இருந்தது. அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியில் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறு நடிகரைப் போடலாமா, கடைக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாமா என்றெல்லாம் யோசித்தார்கள். கடைசியில் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்து, குழந்தை உளவியல் அறிந்தவர்களைக் கலந்துகொண்டு எழுதினார்கள். நிகழ்ச்சியில் பிக் பேர்டு என்ற பெரிய மஞ்சள் பறவை எல்லாருக்கும் ஒவ்வொரு படம் வரைந்து கொண்டுவருகிறது. ஹூப்பருக்கு வரைந்ததைக் கொடுக்க அவரைத் தேடுகிறது. அவர் இறந்துவிட்டார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ‘சரி, வந்ததும் கொடுக்கிறேன்’ என்கிறது பறவை. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று விளக்குகிறார்கள். ‘ஏன் இப்படி?’ என்று கேட்கிறது. அதற்கு அவர்கள் காரணம் கற்பிப்பதில்லை. ‘அது அப்படித்தான்’ என்கிறார்கள்.

அந்தக் காட்சியில் நோய், ஆஸ்பத்திரி, முதுமை எதுவும் பேசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நோய் வந்து இறந்துட்டார்’ என்று கேட்ட பிள்ளை, அடுத்த வாரம் தனக்குக் காய்ச்சல் வந்தால் நடுங்கும். ‘வயசாயிடுச்சு’ என்றால் பாட்டியின் நரைமுடியை எண்ண ஆரம்பிக்கும். இன்னொன்றையும் செய்தார்கள். அந்தப் பகுதியை 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். அது அந்த நாட்டில் பெரிய விடுமுறை நாள். பிள்ளை பார்க்கும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நாள்.

இப்போது உங்கள் செயலி செய்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். இந்த மரணத்துக்கு முன்னால் எது வர வேண்டும், பின்னால் எது வர வேண்டும், துக்கம் எத்தனை பகுதிக்கு நீள வேண்டும் என்று அளந்து வைத்திருப்பார்கள். செயலி அந்த வரிசையைக் கலைத்துப் போட்டுவிட்டது. திங்கள்கிழமை சாவு, புதன்கிழமை உயிர், வியாழக்கிழமை மறுபடியும் சாவு. சாவு நிரந்தரம் என்பதே பெரும்பாலும் ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள்தான் பிள்ளைகளுக்கு முழுசாகப் பிடிபடும். அதற்குள் இந்தக் குழப்பம்.

பழைய பகுதியைப் பற்றி அவன் கேட்டால், அவனுடைய கைக்குழந்தைப் படம் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். ‘இதுல நீ குட்டிப் பாப்பா. இப்போ பெரிய பையன். படத்துல மட்டும் இன்னும் பாப்பாவாவே இருக்கே இல்ல? அது மாதிரி, இது தாத்தா இறக்கறதுக்கு முன்னால நடந்த கதை.’ முதல் தடவையே புரிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பான். பதில் மாறுகிறதா என்று பார்க்கிறான், அவ்வளவுதான். பத்துத் தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். நடுவில் அழுவான், ஐந்து நிமிடத்தில் பந்து விளையாடப் போய்விடுவான். அதைப் பார்த்து ‘மறந்துவிட்டான்’ என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும்.

தானாக ஓடும் வசதியை அணைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. உண்மையில் எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். வரிசை மாறிப்போவதாவது கவனக்குறைவு. துண்டு வீடியோக்காரர்கள் செய்வது வியாபாரம். பிரபலமான தொடரில் ஒரு பாத்திரம் இறந்தால் போதும், அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து, சோக இசையைக் கூட்டி, அழும் முகத்தைப் பெரிதாக்கி முகப்புப் படமாகப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த வீடியோவின் தலைப்பு, ‘தாத்தா திரும்பி வந்துவிட்டார்!’ திறந்தால் பழைய காட்சிகளின் ஒட்டுவேலை. பிள்ளை நம்பித்தான் திறக்கிறது. தாத்தா வந்துவிடுவார் என்ற ஆசையில்தான் மறுபடி மறுபடி தொடுகிறது. இறந்தவரைத் தேடும் ஒரு குழந்தையின் ஏக்கத்தைப் பார்வை எண்ணிக்கையாக மாற்றிக் காசு பண்ணுகிறார்கள். இதைவிடக் கீழான பிழைப்பு எனக்குத் தெரியவில்லை.

இந்த வீடியோக்களில், பிறகு வரும் ஆறுதல் காட்சி இருக்காது. மரணம் மட்டும் இருக்கும், தழுவிக்கொள்ளும் கை இருக்காது. உங்கள் மகனுடைய கையில் போனைக் கொடுத்து ‘நீயே பாத்துக்கோ’ என்று விடாதீர்கள். பார்த்த வரலாற்றை ஒருமுறை புரட்டுங்கள். ஆமைத் தாத்தா பெயரில் ஏதாவது துண்டு இருந்தால் அழித்துவிட்டு, அந்த வீடியோக்காரரைத் தடைசெய்யுங்கள். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் என்னிடம் வரும் பெற்றோர் பலர், கேட்ட பிறகுதான் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். பார்த்ததும் முகம் மாறிவிடுகிறது.

ஆசாமிகளில் இன்னொரு வகை, ‘குழந்தைத் துக்க நிவாரணம், எட்டு அமர்வு, இணையவழியில்’ என்று விற்பவர்கள். ஒரு கார்ட்டூன் பாத்திரத்துக்காக அழும் பிள்ளைக்கு எட்டு அமர்வு தேவையே இல்லை. தூக்கமின்மை சில வாரங்கள் தாண்டியும் நீடித்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, உங்களை விட்டு நகரவே மாட்டேன் என்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தேவையான இடத்துக்கு அனுப்புவார். நடுவில் யாரும் வேண்டாம்.

தயாரிப்பவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் சொல்லமாட்டேன். 1986-ல் வந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ திரைப்படத்தில், பொம்மை ரோபோக்களை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடரின் தலைவனான ஆப்டிமஸ் பிரைமைச் சாகடித்தார்கள். பழைய பொம்மைகளை விலக்கிப் புதிய பொம்மைகளை விற்க வேண்டும், அதுதான் காரணம். திரையரங்கில் பிள்ளைகள் கதறினார்கள். 1987-ல் தொலைக்காட்சித் தொடரில் அவனை மறுபடி உயிரோடு கொண்டுவந்தார்கள். சாகடித்ததும் கடைக்காக, எழுப்பியதும் கூக்குரலுக்காக. மொழிமாற்றத்தில் நடக்கும் கூத்து வேறு. ஜப்பானின் ‘யு-கி-ஓ’ தொடர் ஆங்கிலத்துக்குப் போனபோது, சாவு வரும் இடங்களில் ‘நிழல் உலகத்துக்கு அனுப்பிவிடுவேன்’ என்று மாற்றிவிட்டார்கள். சாவு என்றால் ஒரு முடிவு. நிழல் உலகம் என்றால், அங்கே என்ன நடக்குமோ என்று பிள்ளை விடிய விடிய யோசிக்கும். எது அதிக பயம் என்று பெரியவர்கள் யாராவது ஒரு குழந்தையிடம் கேட்டிருக்கலாம்.

வயதுக் குறியீட்டை நம்பலாமே என்பீர்கள். நான் பார்த்த செயலிகள் பலவற்றில் முழுத் தொடருக்கும் சேர்த்து ஒரே குறிதான். அடிதடி இருந்தால் எச்சரிக்கிறார்கள், கெட்ட வார்த்தை இருந்தால் எச்சரிக்கிறார்கள். ‘இந்தப் பகுதியில் பிள்ளைக்குப் பிடித்த ஒருவர் இறக்கிறார், கூட உட்காருங்கள்’ என்று ஒரு வரி போட என்ன செலவாகும்? பல வருடமாகக் கேட்டு அலுத்துவிட்டது. அவர்கள் போடுகிறவரை நீங்கள்தான் முன்கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்களுடையது கார்ட்டூன், அதனால் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இதே நிலைமை, மனிதர்கள் நடிக்கும் தொடரில் வந்தால் நான் மேலே சொன்னது அப்படியே செல்லாது. கதையில் பாத்திரம் இறந்து, நடித்தவர் உயிரோடு இருந்தால், பிள்ளை அவரை வேறொரு விளம்பரத்தில் பார்க்கும். ‘பொய் சொன்னே’ என்று உங்களைக் கேட்கும். அப்போது, ‘அது கதை, இவர் அதில் நடிச்சவர்’ என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஹூப்பர் விஷயத்தில் நடந்ததுபோல நடித்தவரே இறந்துவிட்டால், ‘அது கதைதானே’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது கதையில்லை. ‘நடிச்சவர் நிஜமாவே இறந்துட்டார். அவரை நினைச்சு எல்லாரும் வருத்தப்படறாங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது, நடித்தவர் இறந்ததைச் சொல்லாமல், அதே சட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிடுவது. பிரிட்டனின் ‘புளூ பீட்டர்’ நிகழ்ச்சியில் 1962-ல் அறிமுகமான நாய்க்குட்டி சில நாளிலேயே இறந்துபோக, அதேபோல ஒரு குட்டியைத் தேடிப் பிடித்து, பெட்ரா என்று பெயரிட்டு வளர்த்தார்கள். பார்த்த பிள்ளைகளுக்கு அப்போது தெரியவே இல்லை. தெரியாதது நல்லதுதானே என்று இன்றைக்கும் சிலர் வாதாடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இன்றைய பிள்ளை பகுதியை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கும். ஆள் மாறியதைக் கண்டுபிடித்துவிட்டால், ‘ஆமா, வேற ஆள்தான்’ என்று அப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.

சரி, மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அழுகிற பேரனைத் தேற்ற அவருக்குக் கைக்கு வந்த சொல் அது. அவர்மேல் தப்பில்லை. ஆனால் திருத்துவது நீங்களாக இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பதில் கிடைக்கும். பாட்டி சொன்னது ஒன்று, அம்மா சொல்வது ஒன்று. தூங்க வைப்பதும் அநேகமாகப் பாட்டியாகத்தான் இருக்கும். அதனால் அவரிடமே கேளுங்கள்: ‘அத்தை, நான் சொன்னா அவன் நம்பமாட்டேங்கறான். நீங்க சொன்னாத்தான் கேப்பான்.’ நான் மேலே எழுதிக்கொடுத்ததை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் மடியில் உட்கார வைத்து, ‘பாட்டி அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன் கண்ணா, தாத்தா தூங்கலை’ என்று அவரே ஆரம்பிக்கட்டும். நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பதையும் அவரையே செய்யச் சொல்லுங்கள். அடுத்த சில இரவுகள் அவன் தூங்கும்வரை பக்கத்தில் ஒருவர் படுத்திருங்கள். காலையில் எழுந்ததும், ‘பாத்தியா, எழுந்துட்டே’ என்று முதலில் சொல்கிறவர் பாட்டியாகவே இருக்கட்டும்.